பூதத்தின் வயலில் ஓர் அறுவடை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது என்று இப்போது சொன்னால் யாரும் அடிக்க வரக் கூடாது. மணல் தெரியக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் ஓடிப் பிடித்தோம், பாலத்துக்கு அடியில் வீடு கட்டினோம். பட்டுக்கோட்டைப் பக்கம் கடைமடையில் இருக்கிற ஊர் எங்களுடையது. மேலே இருக்கிற ஊர்கள் எல்லாவற்றுக்கும் பாய்ந்தது போக மிச்சமிருந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். அந்த வருஷம் மிச்சமில்லை. கதிர் வருகிற சமயத்தில் சம்பா கருகிப் போனது. ஒரு நாள் காலையில் அப்பா வயலுக்குப் போய், ஊர் மாடுகளை உள்ளே அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு பகல் முழுக்க வீட்டிலேயே இருந்தார். அப்பா பகலில் வீட்டில் இருப்பது எனக்குப் புதிதாகவும் கொஞ்சம் இடைஞ்சலாகவும் இருந்தது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, இன்ஜினியரிங் முடித்துவிட்டு எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். தேடுகிறார் என்பது வீட்டில் சொல்லப்பட்ட விஷயம். நான் பார்த்தவரை வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தார். விளையாடியதைப் பற்றி மைக்கில் பேசி, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று மார்க் போட்டு இன்டர்நெட்டில் ஏற்றுவார். அதைத் தவறாமல் பார்த்தவர்களில் நானும் அம்மாவும் முக்கியமானவர்கள்.

ஆனால் சென்னையில் யாரோ பார்த்திருக்கிறார்கள். இப்படி விமர்சனம் பேசுவதற்கே சம்பளம் கொடுக்கிற ஒரு கம்பெனி, புதிதாக வந்திருந்த மாயாஜால சாகச விளையாட்டு ஒன்றை மாமாவுக்கு அனுப்பியது. கடைசிவரை விளையாடி, முடிவையும் காட்டி, விமர்சனத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வேலை. முடிவைக் காட்டாவிட்டாலோ, தாமதமானாலோ பார்க்கவே மாட்டார்கள். அந்த வாரம் அம்மா சாமி விளக்கில் எண்ணெயைத் தாராளமாக விட்டாள்.

மாமாவின் விரலும் வாயும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. அதனால் விளையாடுவது நான், பேசுவது அவர். அப்படித்தான் அந்த வாரம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் வேறொரு உலகத்தில் இருந்தேன். ஊதாநிற மலைகள், இரண்டு நிலாக்கள், தலைகீழாகப் பெய்கிற மழை. பேசாத ஒரு வீரன் நீண்ட வாளோடு நடந்துகொண்டே இருப்பான். அவனை நான்தான் நடத்தினேன் என்பதைவிட அவன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான் என்றே தோன்றுகிறது. சாப்பிடும்போதும் எனக்கு அந்த நிலாக்கள் தெரிந்தன. மாமா மைக்கில், "கதை அரதப் பழசு மக்களே, ஆனா காத்த மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்று பேசிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். பூதம் ஒரு பெரிய வயலுக்குள் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பொன்னாக விளைந்த கதிர். வீரன் கையில் தீப்பந்தம் கொடுக்கிறார்கள். வயலைக் கொளுத்தினால் பூதம் வெளியே ஓடிவரும், சண்டை போட்டுக் கொன்றால் முடிந்தது. ஸ்பீக்கரில் கதிர்கள் உரசுகிற சத்தம் அறை முழுக்க நிறைந்தது. வீரனை ஓரம்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். கட்டைவிரல் பட்டனை அழுத்த மறுத்தது.

"கொளுத்து பாப்பா."

"கதிரா இருக்கே மாமா."

"அது கம்ப்யூட்டர் கதிருடி. குடு இப்படி."

மாமா கன்ட்ரோலரை வாங்கினார். அப்போது கதவருகில் அப்பாவின் குரல் கேட்டது. அப்பா மாடிக்கு வருகிறவரே இல்லை.

"என்ன மாப்ள, நெல்லு சலசலக்குற மாதிரி கேக்குது?"

"கேம்தான் அத்தான். இந்த வயலக் கொளுத்துனா பூதம் வெளிய வரும். அதோட முடிஞ்சிது."

அப்பா திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா முத்துன கதிரு. அறுத்துட்டுக் கொளுத்துங்களேன்."

ஏதோ விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள் என்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். நான் கன்ட்ரோலரைப் பிடுங்கி வாளை ஒரு வீசு வீசினேன். என்ன ஆச்சரியம், ஒரு கற்றை கதிர் அறுந்து விழுந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இரு இரு, கண்ட எடத்துல கை வைக்காத. ஈசானி மூலையில ஆரம்பி."

வடகிழக்கு மூலையிலிருந்து தொடங்குவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் பூதத்தின் ஊரில் கிழக்கு எது? மாமா தலையைச் சொறிந்தார். அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. "அந்தா கடல் தெரியுதுல்ல, அதான் கிழக்கு" என்றார். வயலுக்குள் இறங்காமல் வரப்பிலேயே வீரனைச் சுற்றிப் போகச் சொன்னார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்.

"அதெல்லாம் கழட்ட வராது அத்தான்."

"சரி, வெளியூரு ஆளு. போனாப் போவுது."

அறுக்க ஆரம்பித்தோம். காபி கொண்டுவந்த அம்மாவும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அறுந்த கதிர் தரையில் விழுந்ததும் மாயமாக மறைந்துவிடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கட்டுக்கூடக் கட்டல, எங்கதான் போவுது இம்புட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "களத்துக்குப் போயிருக்கும், நீ சும்மா இரு" என்றார் அப்பா. வயலுக்கு நடுவில் பூதம் உறுமியது. கதிர்கள் ஆடின. அப்பா அதைச் சட்டை செய்யவில்லை. பன்றி புகுந்த வயலைப் பார்க்காதவரா அவர்?

மத்தியானச் சாப்பாடு மாடிக்கே வந்தது. எனக்குக் கட்டைவிரல் வலித்தபோது, "இங்க குடு" என்று அப்பா கையை நீட்டினார். செல்போனில் பேசி முடித்தால் அணைக்கத் தெரியாத அப்பா, ஒரு வரிசை கோணாமல் நிதானமாக அறுத்துக்கொண்டே போனார். மாமா மைக்கில் பேசுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். திரையின் மஞ்சள் வெளிச்சம் அப்பா, அம்மா, மாமா எல்லோர் முகத்திலும் விழுந்திருந்தது. நாங்களும் அந்த வயலுக்குள்ளேதான் இருந்தோம், காற்று எங்கள் மேலேதான் அடித்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

பிறகு அந்த உலகத்துச் சூரியன் மெதுவாக இறங்கி, கடலுக்குள் மறைந்தது. அப்பா கையை நிறுத்தினார்.

"அடப்பாவி, அது மேக்கா!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். மாடுகளை அவிழ்த்துவிடச் சொன்ன நாளுக்குப் பிறகு அப்பா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். கூடவே, மூலை தப்பிப் போயிற்றே என்று உள்ளபடியே வருத்தமும் பட்டார்.

கடைசிக் கற்றையும் விழுந்தது. மறைந்துகொள்ள இடமில்லாமல் பூதம் தன்னந்தனியாக நின்றது. நான் வாளை ஓங்கி ஓடினேன். வாள் அதன் உடம்புக்குள் புகையில் நுழைகிற மாதிரி நுழைந்து வெளியே வந்தது. தீப்பந்தத்தை நீட்டினேன், அறுத்து மிஞ்சிய தாளில் அது பற்றவே இல்லை. கதிருக்குத் தீ வைத்தால்தான் சண்டை என்று புரோகிராம் எழுதியிருக்கிறார்கள். இப்படி ஒரு குடும்பம் உட்கார்ந்து முழு வயலையும் அறுக்கும் என்று அந்த விளையாட்டைச் செய்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. பூதம் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான். சண்டையும் இல்லை, முடிவும் இல்லை.

மாமா மணியைப் பார்த்தார். ஆறாக இன்னும் அரை மணி இருந்தது. அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அமர்ந்திருந்தார். அறுத்து முடிந்த வயலில் இரண்டு நிலாக்களும் ஏறிக்கொண்டிருந்தன. அம்மா கீழே விளக்கேற்றப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. மாமாவின் காதருகில் போய்ச் சொன்னேன்.

"காலைல சேவ் பண்ணுன எடத்துக்குப் போயிடலாம் மாமா. கதிரெல்லாம் திரும்ப வந்துடும். ஒடனே கொளுத்திட்டா முடிவைக் காட்டிடலாம்."

மாமாவுக்கு அது தெரியாமலா இருக்கும். கன்ட்ரோலர் அவர் மடியில்தான் இருந்தது. அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய் மெதுவாகப் பேசினார். "இந்த கேம்ல ஒரு நாள் பூரா அறுக்கலாம் மக்களே. முடிவு என்னன்னு நான் பாக்கல. இதுக்கு எவ்ளோ மார்க் போடுறதுன்னும் தெரியல." அதை அப்படியே சென்னைக்கு அனுப்பினார். அங்கிருந்து எந்தப் பதிலும் வரவில்லை.

ஆனால் அவர் அனுப்பிய அந்த நிமிஷமே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் மாமா கொளுத்தவில்லை, உங்களுக்கு வேலை வேண்டாமா என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். மாமா விரலை உதட்டில் வைத்தார்.

"சும்மா இரு பாப்பா. அத்தான் வரப்புல நிக்கிறாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா நாற்காலியில், காலை மேலே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருக்கிற ஆள் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்றுகூடத் தெரியாத மனுஷருக்கு எந்தக் கம்பெனிக்காரன் வேலை கொடுப்பான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.