பீரோவில் இருந்த காது

அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் சாவு கிடையாது. கூடத்தில் சுற்றுகிற மின்விசிறி மகன் பிறப்பதற்கு முன்னால் வாங்கியது. இஸ்திரிப் பெட்டி கல்யாணமான புதிதில் வந்தது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செருப்பு மாட்டியிருந்தது. வழியில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிச் சைக்கிளுக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டு வருவார்.

அவரை எல்லோரும் ஃபோர்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். நெசவு மில்லில் தறிகளைப் பராமரிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில்லை விட்டு வந்த பிறகு வீட்டையே மில்லாக்கிவிட்டார். விசிறியை இரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் என்ன எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். திறந்துவைத்துக்கொண்டு யோசித்தால் தொலைந்தோம், மனுஷன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். "எப்படிங்க இவ்வளவு நாள் உழைக்குது?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

மில்லிலும் அப்படித்தான். அவர் எண்ணெய் விட்ட தறிகள் இன்றைக்கும் ஓடுகின்றன. அதே தறிகளுக்கு நடுவில் நின்று அறுந்த இழை கட்டிய அவர் மனைவியின் காதுதான் அந்த இரைச்சலில் போய்விட்டது. தறிகளுக்கு இருந்த கவனிப்பில் கால்வாசி காதுக்கு இருந்திருந்தால் பஞ்சாவது வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார். யார் சொன்னார்கள்? முதலில் பறவைச் சத்தம் போயிற்று, அப்புறம் கதவு தட்டுகிற சத்தம், கடைசியில் பக்கத்தில் நின்று பேசினாலும் வாயசைவுதான் மிச்சம்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு முறை வந்தபோது அம்மாவின் நிலையைப் பார்த்துக் கண்கலங்கி, நல்ல காது மிஷினாக வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அதை மாட்டிக்கொண்ட அன்று அவள் குழாயைத் திறந்து திறந்து மூடினாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு அவ்வளவு சிரிப்பு வந்தது அவளுக்கு. மகளோடு போனில் பேசினாள். கட்டிக்கொடுத்துப் போன பிறகு மகளின் குரலை அவள் சரியாகக் கேட்டது அன்றைக்குத்தான். குரல் இளைத்துப்போயிருப்பதாக அவளுக்குப் பட்டது. இனி தினமும் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மகன் ஊருக்குப் போனான். மிஷின் ஃபோர்மேன் கைக்குப் போனது.

"காதுல அழுக்கு இருக்கு, வேர்வை இருக்கு, தலைக்கு எண்ணெய் வேற வைக்கிற. மூணும் மிஷினுக்கு எமன். நாள் பூரா மாட்டிட்டிருந்தா ரெண்டு வருஷம்கூடத் தாங்காது. நான் சொல்றபடி வச்சா இருபது வருஷம் வரும்" என்று அவள் முகத்துக்கு நேரே நின்று, வாயசைவு புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இருபது வருஷம் நான் இருக்க வேணாமாங்க?" என்றாள்.

நல்ல கேள்வி. அவர் காதில் அது விழவில்லை. அவர் காதுக்கு ஒரு கேடும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் மிஷின் பீரோவில் குடியேறியது. புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்று கிடக்குமே, அவற்றைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கிச் சேர்த்து, ஒரு டப்பாவில் பரப்பி, நடுவில் மெத்தென்ற துணி விரித்து அதைப் படுக்க வைத்தார். பேட்டரியைக் கழற்றி, தீராமல் இருக்க அதன் முதுகில் முதலில் ஒட்டியிருந்த காகிதத்தையே திரும்ப ஒட்டினார். பெற்ற பிள்ளைகளை அவர் ஒரு நாளும் அப்படித் தூங்க வைத்ததில்லை. பீரோச் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மிஷினை வெளியே எடுப்பார். அவள் காதை ஈரத்துணியால் துடைத்து, காய விட்டு, பிறகு மாட்டிவிடுவார். அன்றைக்கு மகள் பேசுவாள். பேசி முடித்ததும் கையை நீட்டுவார். அவளும் கழற்றிக் கொடுத்துவிடுவாள். வாதாடிப் பார்த்துச் சலித்துப்போனவள் அவள்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. 'அப்பா பூட்டி வைக்கிறார்' என்று எந்த வாயால் சொல்வது? மானம் போகிற காரியம். மகள் எப்போதாவது மற்ற நாட்களில் கூப்பிட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு சமாளிக்கப் பழகிவிட்டாள். "ம்... ம்... ஆமாம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ, எல்லாம் சரியாயிடும். அப்பா நல்லா இருக்காரு. சரி சரி, ஞாயித்துக்கிழமை பேசலாம்." எந்தப் பேச்சுக்கும் இது பொருந்தியது. பேரனுக்கு இருமல் என்றாலும் பொருந்தும், கடையில் விலை ஏறிவிட்டது என்றாலும் பொருந்தும். மகள் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மேஜை மேல் போன் அதிர்ந்தது. மகளின் படம் தெரிந்தது. ஃபோர்மேன் எதிர்வீட்டுத் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுப் பாடம் நடத்தப் போயிருந்தார். சாவியும் அவரோடு போயிருந்தது. அவள் பீரோவின் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். காதில் வைத்தால் கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. ஞாயிறு வருவதற்குள் என்ன அவசரம், பேரன்தான் ஏதாவது சேட்டை செய்திருப்பான் என்று எண்ணிக்கொண்டு தன் வழக்கமான பாட்டை முழுசாகப் பாடினாள். பாடி முடித்துப் பார்த்தால் இணைப்பு அறுந்திருந்தது.

அந்த ஞாயிறு மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் வரவில்லை. இவள் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று. அவள் மிஷினைக் கழற்றாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலையா இருப்பா. சும்மா மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா பேட்டரிதான் தீரும். கழட்டு" என்றார் ஃபோர்மேன்.

மகளுடைய பக்கத்து வீட்டுப் பெண்தான் கடைசியில் தகவல் சொன்னாள். பேசியது ஃபோர்மேனிடம். மாப்பிள்ளை அடித்த அடியில் மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று அவர் மனைவிக்கு வாயசைத்துச் சொன்னார். அவள் கட்டின புடவையோடு கிளம்பினாள். பஸ்ஸில் போகும்போது காதைத் தொட்டுக் காட்டி மிஷினைக் கேட்டாள். "வழியெல்லாம் தூசி" என்று அவர் மடியிலிருந்த டப்பாவைப் பொத்திக்கொண்டார். வார்டு வாசலுக்குப் போன பிறகுதான் டப்பாவைத் திறந்தார். அங்கேயும் காதைத் துடைத்து, காய விட்டுத்தான் மாட்டினார்.

மகளின் ஒரு கை மாவுக்கட்டில் இருந்தது. ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. அம்மாவைப் பார்த்ததும் அவள் அழவில்லை. அதுவே அம்மாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்றாள் அம்மா.

"சொன்னேனே."

மிஷின் அருமையாக வேலை செய்தது. மகளின் குரல் சுத்தமாக, ஒரு இரைச்சல் இல்லாமல் வந்து விழுந்தது.

"அன்னிக்குப் புதன்கிழமை, புள்ளையையும் பையையும் தூக்கிட்டு வாசல்ல நின்னுதாம்மா உனக்குப் போன் பண்ணேன். இனிமே முடியாதும்மா, கொன்னுடுவான், அங்க வந்துடட்டுமான்னு கேட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கோ, எல்லாம் சரியாயிடும்னு சொன்ன. நான் கத்துறேன், நீ பாட்டுக்கு அப்பா நல்லா இருக்காருங்கற, ஞாயித்துக்கிழமை பேசலாங்கற. சரி, நம்ம வீட்ல நமக்கு இடமில்லன்னு திரும்ப உள்ள போயிட்டேன்."

அம்மா குனிந்து மகளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கேக்கலடி" என்றாள். "சத்தியமா ஒரு வார்த்தைகூடக் கேக்கல."

"பொய் சொல்லாதம்மா. மிஷின் இருக்குல்ல?"

"மிஷின் பீரோவுல இருந்துச்சு. அப்பா பூட்டி வச்சிருந்தாரு. எப்பவும் பூட்டித்தான் வைப்பாரு."

அத்தனை நாளும் மூடி வைத்த மானம் அங்கே, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்க, கட்டவிழ்ந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். ஈரக் கையாலேயே கன்னத்தையும் காதையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். மகள் ஒற்றைக் கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். வெறுப்பா, ஆச்சரியமா என்று சொல்ல முடியாத பார்வை. அவர் மகளைப் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க மனைவியின் காதில் இருந்தது.

"ஏய், உப்புத் தண்ணி! உப்புத் தண்ணி பட்டாப் போச்சு!" என்று பதறி, எட்டி, அவள் காதிலிருந்து மிஷினை உருவிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

அம்மாவுக்கு வார்டின் சத்தம் மொத்தமும் நின்றுபோயிற்று. மகள் படுக்கையிலிருந்து பாதி எழுந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். வீங்கிய உதடுகள் அசைந்தது தெரிந்தது, என்ன சொல்கிறாள் என்று படிக்க முடியவில்லை. முடிவில் அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். அது மட்டும் தெளிவாகப் புரிந்தது. பழக்க தோஷத்தில் எங்கே 'ம்' என்று தலையாடிவிடுமோ என்று பயந்து, அம்மா கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றாள்.