மீன் பலகையில் இருந்தது

இன்று காலை துறைமுகத்தடி மீன் சந்தையில் இரத்தம். மீனுடையது அல்ல.

பல்கலைக்கழக மாணவி ஒருத்தி வெட்டுப்பலகைகளைப் பஞ்சால் துடைத்துக் கண்ணாடிக் குழாய்களில் சேகரித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தேடும் இறுதியாண்டு ஆய்வாம்.

கடைக்காரருக்கு வேறு சந்தேகம்: சுகாதாரப் பரிசோதகர் அனுப்பிய ஆளோ என்று.

“பி.எச்.ஐ.யிட ஆள்தானே நீ? கடையைப் பூட்ட வந்தனியோ?”

“இல்லை அண்ணை, நான் கம்பஸ்…”

அவளுடைய குழாய்ப் பெட்டியைப் பறித்துத் தரையில் அடித்தார். மீன் வாங்க வந்து, தடுக்கப் போன என்னையும் தள்ளிவிட்டார். உடைந்த குழாய்களை அள்ளி அவள்மீது எறிந்தபோது அவருடைய உள்ளங்கையே கிழிந்தது.

அவள் அழுதுகொண்டே கத்தினாள்: “அண்ணை, சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ! புண் பழுத்தா மருந்து கேக்காது!”

“அப்பிடி என்ன நஞ்சடி கொண்டந்தனி?”

“நான் ஒண்டும் கொண்டரேல்லை. எல்லாம் உங்கட பலகையில எடுத்ததுதான்.”

அவரை ஓட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அவளிடம் ஒரு மாதிரிகூட மிஞ்சவில்லை; ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் பலகையில் எனக்கு வெட்டித் தந்த பாரை இப்போது என் குசினியில் இருக்கிறது. சமைப்பதா, அவளிடம் கொடுத்துவிடுவதா? சொல்லுங்கள்.