பெட்டகத்தைத் திறக்க ஓர் ஆள்

சாவி முறிந்த சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்ததுபோல் ஒரு 'ணக்'. பாதிச் சாவி அம்மாவின் விரல்களில், மீதி இரும்புப் பெட்டகத்தின் துளைக்குள். அம்மா கையிலிருந்த பாதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பக்கம் பட்டப்பகலில் கதவைச் சாத்தினால் யாராவது வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். அது தெரிந்தும் சாத்தினாள்.

வெள்ளைக்காரர் போய்க் கொடி மாறப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. சந்தோஷமும் கலவரமும் ஒரே மூச்சில் வந்து போகும். சிலர் ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குப் பேர் கொடுத்தார்கள், சிலர் அரிசி வாங்கிச் சேர்த்தார்கள். அப்பா வேலை பார்த்த இடத்துத் துரை மூட்டை கட்டியபோது மலிவாக வந்தது அந்தப் பெட்டகம். சாவி ஒன்றுதான். மற்றொன்று துரையின் சட்டைப் பையிலேயே சீமைக்குப் போய்விட்டது என்பார் அப்பா. அவர் தம்பின் என்ற ஊரில் தங்கி வேலை பார்த்தார். மாதக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார்.

பக்கத்து வீட்டு அம்மாளை நாங்கள் பீபிக் என்று கூப்பிடுவோம். மலாக்கா செட்டிக் குடும்பம். எங்களைப் போலவே திருநீறு பூசுவார், ஆனால் பேச்செல்லாம் மலாய். மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. கெட்ட காலமாக இருக்கிறது, என் வீடு பலகை வீடு, உன்னிடம் இரும்பு இருக்கிறதே என்று சொல்லி நகைகளை ஒரு பட்டுத் துணியில் முடிந்து அம்மாவிடம் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சாவி முறிந்தது வெள்ளிக்கிழமை காலை.

"பீபிக்கிட்ட மூச்சு விடாத. என்ன நெனைப்பா அவ? நகைய வச்சிக்கிட்டு நாடகம் ஆடுறான்னு நெனைக்க மாட்டாளா?" என்றாள் அம்மா. நான் மூச்சையே அடக்கிக்கொண்டேன்.

பெட்டகம் பெட்டகமாகத் தெரியக்கூடாது என்பதற்காக அதன்மேல் துணி விரித்துச் சாமிப் படங்களை வைத்திருந்தோம். பதற்றத்தில் அம்மா செய்த முதல் காரியம், அங்கேயே வேண்டுதல் விளக்கை ஏற்றியது. பூட்டு திறக்க வேண்டும் தாயே என்று, திறக்க வேண்டிய பெட்டியின் தலையிலேயே ஏற்றினாள். வேண்டுதல் விளக்கு எங்கள் வீட்டில் தானாகத்தான் மலையேற வேண்டும். பூவால்கூடக் குளிரவைக்கக் கூடாது, எரியும்போது இடம் மாற்றவும் கூடாது.

முதலில் வந்தவர் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்க் குடை, பம்ப் அடுப்பு, பூட்டு எல்லாம் பழுது பார்ப்பவர். நம்மாள். "ரெண்டு வெள்ளி குடுங்கக்கா, உங்ககிட்ட என்னா பேரம்" என்றார். அம்மாவுக்கு அந்த விலையும் அந்த 'அக்கா'வும் பிடித்திருந்தன. உள்ளே பழைய துணிதான் என்று கேட்காமலே சொன்னாள். அவர் சிரித்தார். "பழைய துணிக்கா இவ்ளோ பெரிய விளக்கு?"

விளக்கு அணையட்டும், ஒரு வாய் காப்பி குடியுங்கள் என்றாள் அம்மா. "நமக்கு நேரமாவுதுக்கா. சாமி கோவிச்சுக்காது" என்று குனிந்து, ஃபூ என்று ஊதிவிட்டார்.

முறை தெரியாதவர் ஊதியிருந்தால் அம்மா பொறுத்திருப்பாள். முறை தெரிந்தவர் ஊதினார். போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, "சரிக்கா. எங்க போயிடப் போறேன், இந்தப் பக்கந்தான் சுத்திக்கிட்டிருப்பேன்" என்றார். அது மிரட்டலா, வெறும் பேச்சா? அம்மா அதை வாய்க்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பெட்டி இருக்கும் இடம் தெரியும், சாவி முறிந்தது தெரியும், கோபித்துக்கொண்டு போன ஆள். எண்ணெய் நிறைய ஊற்றி விளக்கை மறுபடியும் ஏற்றிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு டவுனுக்கு நடந்தாள். தெருவில் எந்த சைக்கிள் மணி அடித்தாலும் அவள் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

கடைவரிசை நடைபாதையான அஞ்சடியில் சாவிகள் சரம்சரமாகத் தொங்கிய கடை. கடைக்காரரான சீனத் தவுக்கே அரத்தை நிறுத்தாமலே விலை சொன்னார். திறந்தால் ஐந்து வெள்ளி, திறக்காவிட்டால் ஒன்றும் வேண்டாம், புதுச் சாவிக்குத் தனி. அம்மா மூன்றில் தொடங்கினாள். அவர் ராவிக்கொண்டே இருந்தார். நான்கு என்றாள். ராவிக்கொண்டே இருந்தார். சண்டை போடவாவது வாயைத் திறக்காத மனுஷன் என்று அம்மா முணுமுணுத்தது கோபத்தில்தான். ஆனால் அந்த மௌனத்தில்தான் அவள் ஐந்துக்குச் சம்மதித்தாள்.

வீட்டுக்கு வந்தவர் விளக்கைப் பார்த்தார். எரிகிறது. அதற்கு என்ன முறை என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வாசலில் குந்தி, ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். அம்மா ஊற்றிய எண்ணெய் அவளுக்கே பகையாகிவிட்டது. திரி கருகிச் சாய்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. படங்களை இறக்கினாள், துணியை எடுத்தாள். தவுக்கே துளைக்குள் கூர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "சியாப்பா பூஞா பாராங்?"

உள்ளே இருப்பது யாருடையது. அம்மா 'என்னுடையது' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கண் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போனது.

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "பாங்கில் டியா." அவரைக் கூப்பிடு. பொருள்காரர் முன்னால் நிற்காமல் எந்தப் பெட்டியையும் திறப்பதில்லையாம். அம்மா கெஞ்சினாள், கூடக் கொடுப்பதாகச் சொன்னாள். அவர் பையின் வாயைக் கட்ட ஆரம்பித்தார். "போடி, போய்க் கூட்டிட்டு வா" என்று என்னிடம் சொன்னபோது அம்மாவின் குரல் யாருடையதோ போல இருந்தது.

பீபிக் மாவுக் கையோடு வந்தார். முறிந்த சாவியைப் பார்த்தார். அம்மா தமிழும் மலாயும் உருண்டு விழ எல்லாவற்றையும் சொன்னாள். தவுக்கேயின் கம்பிக்குப் பூட்டு மெல்லக் கனைத்துத் திறந்தது. தவுக்கே கதவை ஒரு விரலளவு நகர்த்திவிட்டு, விலகி, எங்களுக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பீபிக்தான் மூட்டையை எடுத்தார். அவிழ்த்துப் பாருங்கள், தயவு செய்து அவிழ்த்துப் பாருங்கள் என்று அம்மா மன்றாடினாள். பீபிக் அவிழ்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"ஆக்கு பெர்ச்சாயா சாமா காவ்," என்றார். "காவ் தா பெர்ச்சாயா சாமா ஆக்கு." நான் உன்னை நம்பினேன். நீதான் என்னை நம்பவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, இப்போது மலாக்காவின் செமாபோக் பக்கம் இருக்கும் என் வீட்டுக்கு இரும்புக் கிரில், அதற்கொரு பூட்டு, கதவுக்கு இன்னொன்று. பூட்டுத் திறக்க ஆள் தேடும்போதெல்லாம் விலை கேட்கிறேன், விசாரிக்கிறேன், முகத்தைப் படிக்கிறேன். யாரிடம் மறைப்பதற்காக இந்த அவசரம் என்று மட்டும் என்னைக் கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கேள்வி வரும்போது எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன்.

அன்று தெருவைப் பார்த்தபடியே தவுக்கே கேட்டார், சாவி ஒன்றா இரண்டா.

"டுவா," என்றாள் அம்மா.

மறுநாள் இரண்டும் வந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு அவளே பக்கத்து வீட்டுக்குப் போனாள். பீபிக் வாங்கிக்கொண்டாரா, என்ன சொன்னார், நான் கேட்கவில்லை. அம்மாவின் முகம் கேட்கிற முகமாகத் திரும்பி வரவில்லை. கல்யாணத்தன்று பீபிக் பட்டுக் கெபாயாச் சட்டை உடுத்தி வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். மார்பில் வரிசையாகத் தங்க ஊசிகள். கடைசி ஊசியில், அத்தனை தங்கத்துக்கும் கீழே, எங்கள் இரும்புச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.