அந்தப் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. அச்சன்புதூர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் குற்றாலத்தில் எங்கள் பழக்கடை அட்டையில் விலைதான். சொன்னதையே திரும்பச் சொல்வேன், சொல்ல வேண்டியதை மறந்துபோவேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கிற பழக்கமும் இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. ஊரில் இருக்கிறவர்களும், என்னைப்போலப் பிள்ளைகளோடு வெளிநாட்டில் வந்து கிடக்கிறவர்களும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இங்கே லண்டனில் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறதல்லவா, அதன் முன்னால் ஒரு 'மிஸஸ்' போட்டு, நடுவில் உடைத்து, கடைசி எழுத்தைத் தின்றுவிட்டுச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வேன். முதல் தடவை இங்கே கூப்பிட்டபோது, அவரைத்தான் யாரோ தேடுகிறார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். நர்சு பக்கத்தில் வந்து, செவிடிக்குச் சொல்வதுபோல அதே பெயரை மெதுவாகச் சொல்லி, நீயா என்பதுபோல விரலை நீட்டினாள். "அவுக இல்லம்மா" என்று தலையாட்டினேன். அவர் இறந்துபோனார் என்று நான் சொல்கிறேன். அவள், நான் அந்த ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். இப்போது பழகிவிட்டேன். அவர் பெயரைக் கேட்டதும் நான் எழுந்து நிற்கிறேன். என் மகனுக்கும் அதே பெயர்தான் பின்னால். அவன் ஆபீஸிலும் அந்தப் பெயர் சொல்லித்தான் அவனைக் கேட்பார்களாம்.

மகன் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெரிய ஃபண்ட் கம்பெனி ஒன்றில் பெரிய வேலை. என்ன வேலையென்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில், அன்றோடு நாள் முடிகிற ரொட்டிக்கெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டேன். மகன் சிரித்தான்.

"எம்மா, என் வேலையும் இதுதான். ஒரு கவர்மெண்டு கடன் வாங்கும்போது நோட்டு எழுதிக் குடுக்கும். நம்ம ஊருல புரோநோட்டு இருக்குல்லா, அது மாதிரி. இங்க பாண்டும்பாங்க. அந்த நாட்டுக்கு நெலம சரியில்லன்னா நோட்ட வச்சிருக்கவன் பயந்துபோய் கால் வெலைக்குத் தள்ளுவான். நாங்க வாங்கிப் போடுவோம்."

"வாங்கி என்னலே செய்வீக?"

"வெல ஏறுத வரைக்கும் வச்சிருப்போம்."

அவ்வளவுதான் கேட்டேன். வீணாய்ப் போகிற ரொட்டியை ஒருத்தன் வாங்கித் தின்கிறான், இதிலென்ன தப்பு என்று நினைத்துக்கொண்டேன். காலையில் அவன் போனைப் பார்த்துக்கொண்டே, ஏதோ ஒரு நாட்டில் மழை பொய்த்ததையும் பணத்துக்கு மதிப்பு இறங்கியதையும் பொண்டாட்டியிடம் நல்ல சேதி சொல்கிற குரலில் சொல்வான். அது மட்டும் காதில் உறுத்தும். மழை இல்லை என்பதைச் சிரித்துக்கொண்டு சொல்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

போன வருஷம் அவன், "எம்மா, ஊருல ஒனக்கு என்ன செய்யணும், சொல்லு" என்று கேட்டான். நான் யோசிக்கவேயில்லை. அருவிக்குப் பக்கத்தில் பொம்பளைகள் உடை மாற்ற ஒரு ரூம் என்றேன். சீசனில் எங்கள் கடைக்குப் பின்னால் முன்பின் தெரியாத பெண்கள் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். நான் ஒரு சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பாதையில் போகிற ஆம்பிளைகள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். காற்றடித்தால் சேலை பறக்கும், உள்ளே நிற்கிறவள் அழுவாள். இதெல்லாம் மகனுக்குத் தெரியும், சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சேலையின் மறுமுனையை அவன்தான் பிடிப்பான், கண்ணை மூடிக்கொண்டு. "அப்பா பேருல கட்டிருவோம், வாசல்ல கல்லுல பேர வெட்டிருவோம்" என்றான். பக்கத்துக் கடை செல்லத்தாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். "மதினி, கொசுறு அண்ணாச்சி பேரு இனி அழியாது பாத்துக்கோ" என்று அவள் மூக்கைச் சிந்தினாள். கடை வரிசையில் என் வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்த வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் விருந்து வைத்தான். அவனுக்கு மேலதிகாரி ரிச்சர்ட், இன்னும் ஆபீஸ்காரர்கள் சிலர். கோர்ட்டில் ஒரு கேஸ் ஜெயித்துவிட்டார்களாம். நான் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்திருந்தேன். பரிமாறிவிட்டு அடுக்களைக்கு வந்துவிட்டேன். மேஜைப் பக்கம் ஒரே சிரிப்பு. மகன் இன்னும் கொஞ்சம் சொதி எடுக்க வந்தவன், என்னிடமும் சொல்லிவிட வேண்டும் என்கிற சந்தோஷத்தில் சொன்னான்.

"நல்ல கூத்து கேளும்மா. நாங்க நோட்டு வாங்கி வச்சிருக்க நாட்டுல இருந்து நிதிமந்திரியே என்னப் பாக்கணும்னு எங்க ஆபீசுக்கு வந்தான். கவர்மெண்டு ப்ளேன்ல வந்தா கோர்ட்டு ஆர்டர் வாங்கி அந்த ப்ளேனையே கடனுக்குப் பிடிச்சு வச்சிருவோம்னு பயந்து, சாதா ப்ளேன்ல கடைசி சீட்டுல வந்திருக்கான். ரிச்சர்டு அவன ரிசப்ஷன்லயே ஒக்கார வச்சிட்டாரு, மத்தியானம் வரைக்கும். பசி தாங்காம பையில இருந்து பிஸ்கட்ட எடுத்துத் திங்கான்! நாங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சாப்பிட்டுக்கிட்டே பாக்கோம்."

"எதுக்குலே வந்தாரு?"

"கொறைக்கச் சொல்லித்தான். கடன் குடுத்த மத்தவன்லாம் பாதிக்கு ஒத்துக்கிட்டான். நாங்க ஒத்துக்கல. கோர்ட்டுக்குப் போனோம். இப்ப முழுசும் வட்டியோட தரணும்னு தீர்ப்பு."

"கால் வெலைக்குத்தானலே வாங்கினீக?"

"அதுதாம்மா தொழிலே. மத்தவன் விட்டுக்குடுத்தாம்லா, அந்தக் காசுதான் நமக்கு வருது."

கரண்டி கையில் இருக்க அப்படியே நின்றேன். அப்போதுதான் விளங்கியது. பழைய ரொட்டியைக் கால் விலைக்கு வாங்கிவிட்டு, அடுப்பு அணைந்துபோய்ப் பட்டினி கிடக்கிற ரொட்டிக்காரன் வீட்டுக்கே போய், முழு விலையையும் எடு என்று கழுத்தில் துண்டு போடுகிற வேலை. எனக்கு இது தெரியாத வேலை இல்லை.

ஒரு வருஷம் குற்றாலத்தில் தண்ணீரே விழவில்லை. பாறை காய்ந்து கிடந்தது. புளியறையிலிருந்து பழம் போடுகிற பாய், வழக்கம்போலச் சீசன் முதலில் கடனுக்குப் போட்டுவிட்டார், என் வீட்டுக்காரர் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார். கடை வரிசையில் எல்லாரும் அப்படித்தான். கூட்டம் வரவில்லை, மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடையிலேயே அழுகின. பாய் வந்து அழுகின கூடையைப் பார்த்தார். "அருவியே விழல, நீரு எங்கன இருந்து வே தருவீரு? விழட்டும், பாத்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு, எங்கள் கடையிலேயே உட்கார்ந்து டீ வரவழைத்துக் குடித்துவிட்டுப் போனார். அரிசி கொடுத்தவர், கூரைக்குத் தார்ப்பாய் கொடுத்தவர் எல்லாரும் பொறுத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அருவி பொய்த்த வருஷம் யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள்.

பாய்க்கு அந்த வருஷமே உடம்புக்கு முடியாமல் போய், மகள் கல்யாணமும் வந்துவிட்டது. கையிலிருந்த நோட்டையெல்லாம் தென்காசியில் ஒருவரிடம் கால் விலைக்குக் கொடுத்துவிட்டார். பாய் மேல் எனக்கு வருத்தமில்லை. வாங்கினவரை நாங்கள் நோட்டுக்காரர் என்போம். அவர் முழுப் பணமும் வட்டியும் கேட்டு ஆள் அனுப்பினார். தவணை கேட்க என் வீட்டுக்காரர் மகனையும் கூட்டிக்கொண்டு போனார், பிள்ளையைப் பார்த்தாவது இரங்குவார் என்று. காலையில் போனவர்களை வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு நோட்டுக்காரர் உள்ளே இருந்தார். வெயில் ஏறி, அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "பாய் பொறுப்பாரு, நான் பாய் இல்லல்லா" என்றாராம். மறுநாள் ஆள் வந்து கடைத் தராசையும் படிக்கல்லையும் தூக்கிக்கொண்டு போனான். மற்ற எல்லாரும் பொறுத்ததால்தான் எங்களிடம் அந்தத் தராசாவது மிஞ்சியிருந்தது. பொறுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை, பொறுக்காதவனுக்குத் தராசு.

அடுத்த சீசனில் தராசு இல்லாமல் கூறு கட்டி விற்றோம். எடை குறைவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவர் ஒவ்வொரு கூறிலும் ஒரு பழம் கூடப் போட்டார். பிறகு தராசு வாங்கியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கொசுறு அண்ணாச்சி என்று பெயர் வந்தது அப்படித்தான். நோட்டுக்காரர் கல்யாண வீடுகளுக்கு வந்தால் பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இலை காலியாகக் கிடக்கும். யாரும் ஒன்றும் பேசமாட்டார்கள். கைகழுவப் போவதுபோல எழுந்து போய்விடுவார்கள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றவள் கரண்டியைக் கீழே வைத்தேன். என்ன தைரியம் வந்ததோ, மேஜைக்குப் போய் ரிச்சர்டைப் பார்த்து, "அந்த மனுசனுக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுத்தீகளாய்யா?" என்று கேட்டுவிட்டேன். ரிச்சர்ட் மகனைப் பார்த்தார். மகன் ஏதோ இங்கிலீஷில் சொன்னான். ரிச்சர்ட் முகமெல்லாம் மலர்ந்து, நெஞ்சில் கை வைத்து, கிளாஸை என் பக்கம் உயர்த்தினார். எல்லாரும் உயர்த்தினார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு யாரும் அப்படிச் சிரிக்கமாட்டார்கள் என்பது தெரியும்.

மறுநாள் காலையில் கேட்டேன். "ரூம் கட்டுத காசு எதுலே?"

"இந்தக் கேசுக்கு வருத போனஸ்."

"அப்ப அவுக பேரு வேண்டாம்."

"எம்மா, நீ நெனைக்க மாதிரி இல்ல. இது எங்க காசே இல்ல. பக்கத்து வீட்டு மார்கரெட் இருக்காள்லா, ரிட்டயர்டு டீச்சர், அவள மாதிரி ஆளுக பென்ஷன் காசுதான் எங்க ஃபண்டுல கெடக்கு. நாங்க விட்டுக்குடுத்தா அவுகளுக்குத்தான் நட்டம்."

மார்கரெட் நல்லவள். கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கையால் பிஸ்கட் செய்து கொடுப்பாள். அந்த மந்திரியின் பையில் இருந்ததும் பிஸ்கட்தான். மார்கரெட்டுக்கு இது தெரியுமா என்று நினைத்துக்கொண்டேன். யார் கையில் அழுக்கு என்றே தெரியாதபடி எல்லார் கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி வைத்திருக்கிறார்கள்.

"நோட்டுக்காரர் வாசல்ல அவுககூட நீயும் இருந்தியேலே, ஞாபகம் இல்லையா?"

அவன் காப்பியைக் கீழே வைத்தான். "இருக்கும்மா. உள்ள இருந்து மீன் கொழம்பு வாசன வந்துது. எனக்குப் பசி. அப்பா என் தலைய தடவிக்கிட்டே இருந்தாங்க. அன்னைக்கே நெனச்சேன், இனி எந்தப் படியிலயும் ஒக்காரக் கூடாது, உள்ள இருந்து சாப்பிடுதவனா ஆகணும்னு."

"ஏலே, படியில இருந்தது ஒங்க அப்பாலே."

"அதனாலதாம்மா."

இத்தனை வருஷமும் அந்தப் படியில் உட்கார வைத்ததற்காக அவன் நோட்டுக்காரரை வெறுக்கிறான் என்று நினைத்திருந்தேன். அவன் வெறுத்தது படியை மட்டும்தான். கடைசியில் கேட்டேன், கல்லை நிறுத்தலாமா என்று. "கொத்தக் குடுத்தாச்சு" என்றான். அதோடு எழுந்து போய்விட்டான். திரும்ப எப்போது கேட்டாலும், "பாக்கலாம்மா" என்கிறான்.

அவன் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். வேறெங்கே போவேன், ஊரில் கடையும் இல்லை, வீடும் இல்லை. நேற்றும் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து நின்றேன். நிற்கும்போது ஒன்று தோன்றியது. அந்த மந்திரியிடம் ரிசப்ஷனில், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். அவர் என் மகன் பெயரைத்தான் சொல்லியிருப்பார், பின்னால் உள்ள பெயரையும் சேர்த்து. நான் ஒருநாளும் வாயில் எடுக்காத பெயரை அந்த மனிதர் பசியோடு சொல்லிவிட்டுக் காத்துக் கிடந்திருக்கிறார். இங்கே அதை என்னால் அழிக்க முடியாது. அங்கே கல்லில் முடியும்.

செல்லத்தாய் இப்போது முழங்கால் வலியோடு மகள் வீட்டில் இருக்கிறாள், அவளால் போய்ப் பார்க்க முடியாது. அதனால் உங்களைக் கேட்கிறேன். சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள், அருவிப் பாதையில் பெண்கள் உடை மாற்றுகிற ரூம் ஒன்று புதிதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் ரூம் இருக்கட்டும், பிள்ளைகள் ஈரத்தோடு வெளியே நிற்க வேண்டாம். வாசல் கல்லில் பெயர் இருந்தால் மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பை அள்ளிப் பூசிவிடுங்கள். என்ன பெயர் என்று கேட்பீர்கள். என்னால் எழுத முடியாது. பழக்கடை வரிசையில் கொசுறு அண்ணாச்சி பெயர் என்னவென்று கேட்டால் சொல்வார்கள். நான் எழுதியதில் முன்பின் தப்பு இருக்கும், விவரம் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் கல்லைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.