இமை வைத்த ராட்சதத் தட்டான்

குகன் எந்த உருவத்தையும் வாலிலிருந்துதான் தொடங்குவார். அப்புறம் உடம்பு, கால், சிறகு. கண் கடைசி. தைப்பூசக் காவடிகளுக்கு இருபது வருஷமாக ஃபோமில் மயில் செய்கிற கைக்கு அது மனப்பாடம். கருமணி வைத்து, திறந்த கண் முதலில் தன்னையே பார்க்கும்படி கண்ணாடி காட்டி, சூடம் கொளுத்தினால்தான் அவருடைய பட்டர்வொர்த் பட்டறையை விட்டு எதுவும் கிளம்பும்.

ஒரே ஒரு தடவை, அவசரத்தில் ஒரு கண்ணை மறந்து மயிலை அனுப்பிவிட்டார். "அந்தக் காவடிய எடுத்தவரு பாதிப் படியிலயே உட்காந்துட்டாருலா. கால் சுளுக்குன்னாங்க. காரணம் எனக்குல்ல தெரியும்!" என்பார். அதிலிருந்து இந்த விஷயத்தில் அவரிடம் யாருடைய பருப்பும் வேகாது.

இந்த மாதம் வந்த வேலை மயில் அல்ல. கடலுக்கு அக்கரையில், ஜார்ஜ் டவுனில் திறக்கப்போகும் பூச்சிக் கண்காட்சிக்கு, முப்பது கோடி வருஷத்துக்கு முன்னால் பறந்த ராட்சதத் தட்டான். கண்காட்சிக்காரப் பெண் நஸீஹா, கல்லில் பதிந்த அதன் தடத்தைப் படத்தில் காட்டி, சிறகு விரித்தால் இரண்டேகால் அடி என்றாள். குகனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இதுவாம்மா ராட்சசன்? என் மயிலோட ஒரு இறகு நீளம்கூட இல்லையே!"

"அந்த சைஸ்ல ஒன்னு சமையக்கட்டுக்குள்ள வரட்டும், நீங்கதான் முதல்ல ஓடுவீங்க" என்று மனைவி மோகனாதான் அவரை வழிக்குக் கொண்டுவந்தாள்.

சிறகு நரம்புகளைத் தூண்டில் நரம்பில் இழைத்தார். பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே நடுங்கின. ஆனால் பழக்கம் விடுமா? கண்ணுக்கு வெள்ளை அடித்து, கருமணி வைத்து, மை தீட்டி, இமையும் வளைத்துவிட்டார்.

எடுத்துப்போக வந்த நஸீஹா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணே, தட்டானுக்கு ஏதுண்ணே இமை? கண்ணு முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டமா, ஆயிரக்கணக்குல இருக்கும். நாளைக்கு ஓப்பனிங். இப்படியே கொண்டு போனா என்னைக் கிழிச்சிருவாங்க."

"மணி இல்லாம எப்படிம்மா பாக்கும்?"

"அதுக்கு எல்லாப் பக்கமும் தெரியும்ண்ணே."

குகன் இமைகளைப் பிய்த்தெடுத்தார். மத்தியானம் முழுக்கக் குனிந்து, ஊசிமுனைத் தூரிகையால் கட்டம் கட்டமாகக் கண்ணை வரைந்து முடித்தார். அழகாகத்தான் வந்தது. அதுவே அவரை இன்னும் வதைத்தது. நஸீஹா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவரோ தட்டானைக் கையை விட்டு இறக்கவே இல்லை.

"அண்ணே, ஃபெரி போயிரும்."

"கண்ணு தொறக்காத புள்ளைய எப்படிம்மா வாசல் தாண்டி அனுப்புறது?" கேட்கவே பாவமாக இருந்தது.

மோகனா சூடத்தட்டும் வழக்கமான கைக்கண்ணாடியுமாக வந்தாள். குகன் அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தார், தட்டானைப் பார்த்தார். பிறகு தட்டானை மேலே கயிற்றில் தொங்கவிட்டுவிட்டு வெளியே போய், தன் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கழற்றிக்கொண்டு வந்தார். ஒன்றை நஸீஹாவின் கையில் திணித்தார்.

"நீ பின்பக்கம் பிடிம்மா."

இன்னொன்றை நெஞ்சின்மேல் ஏந்திக்கொண்டு, தட்டானுக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தார்.