குளிர்ப்பெட்டியில் உறங்கிய ஆமை

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்களோடு வாழ்ந்த என் தாய்மாமனுக்கு மத்தியதரைக் கடலோரத்துக் காட்டுப்பூக்களின் மீதும் உயிர்களின் மீதும் தீராத காதல். நெசவாலை தந்த விடுமுறைகளையெல்லாம் கிரேக்கத் தீவுகளின் மலைச்சரிவுகளில் மண்டியிட்டே கழித்தார். அந்நிலத்துச் சிற்றாமை ஒன்றும் அவரிடம் இருந்தது; உடன் வேலை செய்த முதியவர் வளர்க்க இயலாமல் கொடுத்தது. குளிர்காலம் முழுவதும் அது உறங்கவேண்டும். எங்கள் ஊர்ப் பனியையோ அது தாங்காது. ஆகவே, துளையிட்ட ஐஸ்கிரீம் பெட்டியில் மண்ணும் சருகும் இட்டு, அம்மாவின் முணுமுணுப்பையும் மீறிச் சமையலறைக் குளிர்ப்பெட்டியில் அதைத் துயிலவைத்திருந்தார்.

தை மாதத்தில் கிரின்ஸ்டெட் ஊரிலிருந்து பெண்வீட்டார் மாமாவைப் பார்க்க வந்தனர். வேலையைப் பற்றிக் கேட்டார்கள். அவர் தேனீயின் உருக்கொண்ட ஒரு மலரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஆண் தேனீ அதைத் தன் துணையென்று மயங்கி வந்தமரும் என்ற இடத்தில் அம்மாவுக்கு இருமல் வந்தது. மணப்பெண் மட்டும் குனிந்து சிரித்தார்.

மிஞ்சிய வட்டிலப்ப இனிப்பை வைக்கப் பெண்ணின் தாயார் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். எங்களவர் வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருப்பதில்லை. முந்தைய நாள் கறியே இருக்கும். அந்த நம்பிக்கையோடு மூடியை நீக்கினார். அது உறங்குகிறது, தொடவேண்டாம் என்று நான் டேனிஷ் மொழியில் அலறியதை அவருடைய அலறல் விழுங்கிவிட்டது.

“வீட்டுக்குள்ள ஆமையோ! தம்பி, இப்பவே இதை ஆருக்கும் குடுத்தாத்தான் மேற்கொண்டு கதை.”

மாமா மூடியை மெல்லப் பொருத்தினார். “இப்ப எழுப்பினா இது செத்துப்போகும், அன்ரி.”

சம்பந்தம் அத்துடன் முறிந்தது. “நீ அந்த ஆமைக்கே தாலியைக் கட்டடா!” என்றார் அம்மா.

வாசலில் சப்பாத்தை மிக மெதுவாகக் காலில் அணிந்த பெண் மாமாவிடம் கேட்டார்: “எப்ப எழும்பும்?”

“பங்குனி முடியேக்க.”

“என்ன தின்னும்?”

“புல்லுக்குள்ள பூக்கிற மஞ்சள் பூவெண்டா உயிர்.”

சித்திரையில் ஒரு ஞாயிறன்று அந்தப் பெண் தனியே காரோட்டி வந்தார். கையில் பை நிறைய மஞ்சள் பூக்கள். மாமா ஆமையைப் புல்லில் விட்டார். அது கழுத்தை நீட்டி ஓர் இதழைக் கடித்தது.

“மாமா, சாப்பிடுது!” என்று கூவினேன். இருவரில் ஒருவரும் திரும்பவில்லை. இவ்வளவு தொலைவு வந்தவர் ஆமையை ஒருமுறையேனும் ஒழுங்காகப் பார்க்கவில்லையே என்று அவர்மீது எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது.