பின்சுவரை இடித்த அந்தோணியார் கோயில்

1981 ஜூனில் நான் மலேசியாவின் தாப்பா பக்கம் போனதற்குப் பக்தி காரணமில்லை. ரப்பர் தோட்டத்து அந்தோணியார் கோயிலை மூடப்போகிறார்கள், அவருடைய சிலையான சுரூபத்தை டவுன் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள், இதுதான் கடைசித் திருநாள் என்று ஈப்போவில் பேச்சு அடிபட்டது. கடைசி என்று சொன்னால் கத்தோலிக்கர்கள் நாங்கள் தவறாமல் போவோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஈப்போவில் காலை ஏழு மணிக்கு பஸ். காம்பார் வழியாகத் தாப்பாவுக்கு ஒன்றரை மணி நேரம், இரண்டு வெள்ளி அறுபது காசு. அங்கிருந்து தோட்டத்துக்கு ஏழு மைல். டாக்சியில் ஆளுக்கு ஒரு வெள்ளி. ஓட்டியவர் அதே தோட்டத்து வேலு. நெற்றி நிறைய திருநீறு.

"அந்தோணியார் கோயிலாண்ணே? ரோட்டுலேருந்து பார்த்தா முதுகுதான் தெரியும். பூட்டிட்டாங்கன்னு திரும்பிப் போயிடாதீங்க லா."

சரியாகத்தான் சொன்னார். சாலையைப் பார்த்த பெரிய கதவில் ஆணி அடித்திருந்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் அங்கே சுவரே இல்லை. தகரக் கொட்டகை, பெஞ்சுகள், அதற்கப்பால் தொழிலாளர் குடியிருக்கும் லயம், மாரியம்மன் கோயில். சாமியார் வராத நாளில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சூசையிடம் விசாரித்தேன்.

"சாமியார் இனிமே சனங்களப் பார்த்துதான் பூசை வைக்கணும்னு சொன்னாங்க இல்ல? பீடத்தத் திருப்பலாம்னா அது சுவரோட சேத்துக் கட்டுனது. பீடத்த உடைக்க யாருக்கும் மனசு வரல. அதான் சுவர இடிச்சிட்டு நாங்க அந்தப் பக்கம் போயிட்டோம்."

அதுவரை சாமியார்கள் சுவரைப் பார்த்துத்தான் பூசை வைத்தார்கள்; ரோமில் வத்திக்கான் சங்கம் கூடி முடிந்த பிறகு உலகமெங்கும் பீடத்தைத் திருப்பினார்கள். கோயிலையே திருப்பியவர்கள் நம் ஆட்கள். முன்பு சனங்கள் உட்கார்ந்த இடம் முழுவதும் இப்போது சாமியார் உடுப்பு மாற்றும் அறை. இவ்வளவு பெரிய அறை ஆயர்களுக்கே வாய்த்திருக்காது.

பத்து மணிக்குப் புதிய பங்குச் சாமியார் வேனில் வந்து இறங்கினார். சுரூபம் அடிபடாமலிருக்க வேனில் மெத்தை விரித்திருந்தது.

"எத்தனை குடும்பம், சூசை?"

"நாலு, சாமி."

"நாலு குடும்பத்துக்கு ஒரு கோயிலா?"

சூசை போய் மணியை அடித்தார். எப்போதும் அடிக்கும் இரண்டு அடி போதாதென்று அன்று கொஞ்சம் நீட்டியே அடித்தார்.

பூசை தொடங்கியது. பெஞ்சுகளில் அந்த நாலு குடும்பம். சாமியார் கைகளை விரித்து நிமிர்ந்தபோதுதான் பெஞ்சுகளுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். லயமே திரண்டு நின்றது. இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், மாரியம்மன் கோயில் பூசாரி, சாவியை விரலில் சுற்றியபடி வேலு. பழைய சுவர் இருந்திருந்தால் அவர் சுண்ணாம்பைத்தான் பார்த்திருப்பார்.

பூசை முடிந்ததும் சப்பரத்தைத் தூக்க முன்கொம்புக்கு வேலுவும் பூசாரியும் வந்தார்கள்.

"நீங்கள் எந்தக் குடும்பம்?" என்றார் சாமியார்.

"நாங்க மாரியாத்தா ஆளுங்க சாமி. ஆத்தா தேரை சூசையண்ணன் இழுப்பாரு, அந்தோணியார நாங்க தூக்குவோம். சுவர் இருந்தப்ப மணிச் சத்தம்தான் கேக்கும். இப்ப வாசல்லேருந்தே பூசை பாக்குறோம். அவர வேன்ல ஏத்திட்டா நாங்க எதப் பாக்குறது?" என்றார் வேலு.

"டவுன் கோயிலுக்கு வரலாமே."

"அங்க சுவர் இருக்கே சாமி!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. பூசாரியும் சேர்ந்து சிரித்தார்.

 சாமியார் அங்கியின் கையை மடித்துக்கொண்டு பின்கொம்புக்குத் தோள் கொடுத்தார். சப்பரம் வேனைக் கடந்து, மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, லயத்தைச் சுற்றிக் கோயிலுக்கே திரும்பியது. திருச்சபை வரலாறு என்று நான் படித்த தடித்த புத்தகங்களில் இந்தத் தோட்டம் இல்லை. குறை புத்தகங்களுடையது.

போக நினைப்பவர்களுக்கு: திருநாள் ஜூன் நடுவில். மழை பெய்தால் சேறு உண்டு, நல்ல செருப்பு வேண்டாம். ஆணியடித்த கதவைத் தட்டாதீர்கள், சுற்றிப் போங்கள். சாப்பாடு எல்லாருக்கும் உண்டு. மாலை ஐந்து மணிக்குப் பிறகு டாக்சி கிடைக்காது. நான் சாமியாரின் வேனில்தான் தாப்பா திரும்பினேன். மெத்தை காலியாக இருந்தது. வழி முழுக்கப் படுத்துக்கொண்டே வந்தேன்.